பல்லால் இறுக்காத முடிச்சு

அந்த டைவிங் கம்பெனியில் அவரை முடிச்சுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். தண்ணீருக்குள் இறங்குகிற வேலை இல்லை அவருக்கு. இறங்குகிறவன் முதுகில் காற்று அடைத்த ஒரு சிலிண்டர் போகும். அது மக்கர் பண்ணினால் மூச்சு விட, விலாவோரம் உபரியாக ஒன்றிரண்டு போகும். அந்த உபரி சிலிண்டரைத் தொங்கவிடக் கட்டிக் கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. சிலிண்டரின் கழுத்தில் ஒரு கொக்கி, அதன் வயிற்றைச் சுற்றி இரும்புப் பட்டை, பட்டையில் இன்னொரு கொக்கி. இரும்போடு இரும்பாகப் பூட்டக் கூடாது. உள்ளே எங்காவது மாட்டிக்கொண்டால் கத்தியால் அறுத்துவிட்டு வரவேண்டுமே! அதனால் எல்லாமே கயிற்று முடிச்சு.

கட்டிக்கட்டி மனிதர் நொந்து நூலாகிவிட்டார். முதுகு போய் வருஷக்கணக்காயிற்று. இப்போது விரல் நுனிகளும் மரத்துவிட்டன. டீ கிளாஸைப் பிடித்தால் சூடு உறைப்பதில்லை. கயிறு இறுகிற்றா இல்லையா என்று விரல் சொல்லாது. அதனால் கயிற்று நுனியைக் கடைவாயில் கடித்து இழுத்துப் பார்ப்பார். இறுகினால் பல்லில் தெரியும்.

"கயித்தத் தின்னே தீத்துடாதீங்க மாமா" என்பான் மைத்துனன். பெண்டாட்டியின் தம்பி, அங்கேயே டைவர். அவரும் சிரித்து வைப்பார். விரல் விஷயத்தை வெளியே மூச்சு விட்டால் வேலை போய்விடும்.

அந்தக் கடைவாய்ப் பல்லைத்தான் முந்தின நாள் டாக்டர் பிடுங்கிப் போட்டார். ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை. காலையில் வீங்கின கன்னத்தோடு வந்தால், ஒரு கப்பலின் அடியில் சுழலும் விசிறியில் மீன்வலை சுற்றிக்கொண்டது, உடனே ஆள் இறங்கணும் என்று ஒரே பறப்பு. இறங்கப் போகிறவன் மைத்துனன். இரண்டு சிலிண்டரைக் கட்டிக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் சாய்ந்தார். வெளியே படகு மோட்டார் உறுமியது.

அப்போதுதான் உறைத்தது. இன்றைக்கு ஒரு முடிச்சையும் கடித்துப் பார்க்கவில்லை.

பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நினைப்பு. பழகின கை, சரியாகத்தான் கட்டியிருக்கும். ஒருவேளை இறுகாமல் போயிருந்தால்? கீழ் முடிச்சு நழுவினால் சிலிண்டர் கழுத்துக் கொக்கியில் மட்டும் தொங்கி ஆடும். கலங்கல் தண்ணீரில் அது போய் வலையில் சிக்கினால் பையன் அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

"ஏய்! நிறுத்துடா!" என்று கத்திக்கொண்டே படகுத்துறைக்கு ஓடினார்.

"என்ன மாமா, சாப்பாட்டுப் பைய மறந்துட்டேனா?"

"சிலிண்டர எறக்கு. முடிச்சு மேல நம்பிக்கை இல்ல."

"நீங்க கட்டினதுதானே?"

"நான் கட்டினதாலதான்டா சொல்றேன்!"

சத்தம் கேட்டு மேனேஜர் அம்மா வந்துவிட்டாள். "கப்பல்காரன் போன் மேல போன் போடறான். இங்க என்ன கூத்து?"

"விரல் மரத்துப்போச்சும்மா. பல்லாலதான் இறுக்கம் பாப்பேன். பல்லப் புடுங்கிட்டாங்க. இன்னிக்குப் பாக்கல."

படகோட்டி சிரிக்கப் போய், அந்த அம்மா முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டான்.

மைத்துனன் கொக்கிகளைப் பிடித்து இழுத்தான். முதல் சிலிண்டர் கெட்டியாக நின்றது. இரண்டாவதைக் காலால் மிதித்துக்கொண்டு கீழ்க் கொக்கியை இழுத்தான். கயிற்று நுனி மண்புழு மாதிரி நெளிந்து முடிச்சுக்குள் போயிற்று. கொக்கி கையோடு வந்துவிட்டது.

மைத்துனன் குந்தி உட்கார்ந்து தானே கட்ட ஆரம்பித்தான்.

"எப்பலேருந்து மாமா இப்படி?"

"குளிர் காலத்துலேருந்து."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"பாதி."

"மீதிய நானே சொல்லிக்கறேன். நீங்க சொன்னா இன்னொரு கன்னமும் வீங்கும்."

மேனேஜர் அம்மா போனை அணைத்தாள். "இனிமே நீங்க கயித்தத் தொட வேணாம்."

"வேற என்னம்மா தொடறது?"

"யோசிச்சுச் சொல்றேன்."

அந்த 'யோசிச்சுச் சொல்றேன்' எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியாததா? வீட்டுக்குப் போகச் சொன்னார்கள், போகவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படகுத்துறையிலேயே உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது.

மதியம் தாண்டிப் படகு திரும்பியது. மைத்துனன் தலை முழுக்கச் சேறும் பாசியுமாக, சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தான். அவர் எழுந்து வாங்கக் கை நீட்டினார்.

"இருங்க மாமா, நான் வச்சுக்கறேன்" என்று சொல்லி அவன் ஒதுங்கி நடந்தான்.

நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.