உயிரணு வாசலில் ஒரு மருந்துக் கடை

மருந்தை எடுத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் நானும் டி.பார்ம் படித்தேன். கோரிமேட்டில் கடை போட்ட பிறகுதான், அந்த மருந்து உடம்புக்குள் எந்த வாசல் வழியாகப் போகிறது என்பதையும் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நிற்பவர்களிடம் சொல்லியாக வேண்டும் என்று தெரிந்தது. கல்லாவுக்குப் பின்னால் கால் கடுக்க நிற்கும் சகாக்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

எரிவதற்கு முன்னால்

பிரான்ஸ் பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர். தெருவில் எல்லோருக்கும் அவர் ‘முசே’, அதாவது பிரெஞ்சு ‘ஐயா’. நெஞ்செரிச்சல் மாத்திரையை பிரியாணிக்குப் பிறகு போட்டுக்கொண்டு, கேட்கவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வருவார். இரைப்பைச் சுவரில் அமிலத்தைத் தள்ளும் குட்டிப் பம்புகள் இருக்கின்றன, சாப்பாடு வந்ததும் அவை ஓட ஆரம்பிக்கும், அப்போது மாத்திரை ரத்தத்தில் தயாராக இருந்தால்தான் நிறுத்த முடியும், அதனால் அரை மணி முன்னால் போடுங்கள் என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“எரியறதுக்கு முன்னாடியே எரியும்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?”

வெளியே போகிற சர்க்கரை

உழவர்கரை மளிகைக்காரர் ஒருவருக்குப் புதிதாக ஒரு சர்க்கரை மாத்திரை எழுதியிருந்தார்கள். சிறுநீரகம் வடிகட்டும்போது இறங்கிவிடும் சர்க்கரையைத் திரும்ப ரத்தத்துக்கு இழுத்துக்கொள்ள அங்கே ஒரு புரதம் இருக்கிறது. இந்த மாத்திரை அதை வேலை செய்யவிடாது, சர்க்கரை சிறுநீரோடு போய்விடும் என்று விளக்கினேன். விளக்கியிருக்கக் கூடாது. அடுத்த மாதம் சர்க்கரை ஏறிப்போய் வந்து நின்றார். கையில் ஜாங்கிரிப் பொட்டலம்.

“அதான் வெளிய போயிடுதே, உள்ள போட்டா என்னா?”

கருவாட்டுக் கணக்கு

கடலோரக் குப்பத்திலிருந்து ஒரு பெண் வந்தார். கருவாடு போட்டு விற்கும் குடும்பம். தோளில் ரெண்டு வயசுப் பையன், பேதியில் துவண்டு கிடந்தான். உப்பும் சர்க்கரையும் கலந்த பொடியைக் கரைத்துக் கொடுக்கச் சொல்லி, மதியத்துக்குள் சிறுநீர் போகாவிட்டால் ஊசி வழியாக சலைன் ஏற்ற வேண்டும், பக்கத்திலேயே இருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவரோ உப்பில்லாத வெறும் குளுக்கோஸ் கேட்டார். ஏனென்றேன்.

“மீன்ல உப்ப போட்டா தண்ணி பூரா வெளிய வந்துடுதுண்ணே. புள்ளைக்கு ஏற்கனவே தண்ணியாத்தான் போவுது.”

கணக்கு நியாயமான கணக்குதான். உப்பை அள்ளிப் போட்டால் அப்படித்தான் ஆகும். “மீன் செத்ததும்மா. இவன் குடல் உயிரோட இருக்குது. அதுல ஒரு கதவு, உப்பும் சர்க்கரையும் சேந்து வந்தாத்தான் ரெண்டையும் உள்ள இழுக்கும். பின்னாலயே தண்ணியும் போவும். ஒரு லிட்டர் தண்ணியில முழுப் பாக்கெட்ட கரை, கூட்டாத, கொறைக்காத” என்றேன். அந்தக் கதவை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். படத்தில்தான் என்றேன்.

“நான் கருவாட்ட தெனம் பாக்கறேன்.”

பெஞ்சில்

ஆனாலும் வாங்கி ஒரு லிட்டர் பாட்டிலில் கரைத்தார். கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து கரண்டி கரண்டியாக ஊட்டினார். முதலில் கொடுத்ததைப் பையன் கக்கிவிட்டான். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கருவாடு தெரிந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி கொடு என்றேன். சொல்லிவிட்டேனே தவிர எனக்குப் பயமாக இருந்தது. அந்தக் கதவை நான் பார்த்ததே இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. யாருக்கோ இருமல் மருந்து எடுக்கும்போதும் கண் பெஞ்சிலேயே இருந்தது. வெயில் ஏறி, பாட்டிலில் பாதிக்கு மேல் இறங்கிய பிறகு அந்தப் பெண் சட்டென்று எழுந்து கல்லாவுக்கு வந்தார்.

“அண்ணே, மடியிலயே ஒண்ணுக்குப் போயிட்டாண்ணே. சேலை பூரா நனைஞ்சிடுச்சி, பாருங்க.”

இத்தனை வருஷம் வாசல் வாசலாக விளக்கியதற்கு எனக்குக் கிடைத்த ஒரே சான்றிதழ் அந்த ஈரச் சேலைதான். அதையும் சாயங்காலத்துக்குள் துவைத்துக் காயப்போட்டிருப்பார்.