ஜெஸ்மின் பார்க்கும் குடும்பம்

உவர் மண்ணில் தோண்டிப் பன்னிரண்டாவது அடியில் கண்ட நல்ல தண்ணீர். யானை இரண்டு தடவை புகுந்து போன பின்னும் நிற்கிற பதினேழு தென்னை. விரியன் கடித்தும் வெட்டப்படாமல் தப்பிய இடது கால். இனிப் பிள்ளை இல்லை என்று இரண்டு டொக்டர்மார் சொன்ன பிறகு பிறந்த மகள் சுதர்ஷிகா. இவ்வளவையும் வென்றெடுத்த என் தங்கை ஜெஸ்மின், குச்சவெளியில் தன் குசினி வாசலில் குந்தியிருந்து, கருவாட்டுக்குச் சூடை மீன் துப்புரவாக்கியபடி, கைப்பேசித் திரையை மூக்கு நுனியால் தட்டுகிறாள்.

"கையெல்லாம் மீன் அண்ணை. மூக்குத்தான் சும்மா இருக்கு."

திரையில் ஒரு குளிர் நாட்டுக் குடும்பம். தாடி வைத்த தகப்பன், தாய், மூன்று பெண் பிள்ளைகள், ஒரு வெள்ளாடு. மின்சாரம், குழாய்த் தண்ணீர், கடை எதுவும் வேண்டாம் என்று நகரத்தை விட்டுப் போய், மலைக்காட்டில் மரவீடு கட்டி வாழ்கிறார்கள். செய்கிற வேலை எல்லாவற்றையும் படம் பிடித்துப் போடுகிறார்கள். அவர்களுடைய பாஷை ஜெஸ்மினுக்குத் தெரியாது. தாய்க்கு மாகிரட் என்று இவளாகவே பெயர் வைத்திருக்கிறாள். தகப்பன் வெறும் தாடிக்காரன். ஆட்டுக்குப் பெயர் இல்லை. "ஆட்டுக்கு ஆடு எண்டால் காணும்."

பார்க்கும்போது அவள் வாய் சும்மா இராது. "விசரன், கோடாலியை உப்பிடிப் பிடிச்சால் முழங்காலிலதான் விழும்." "மாகிரட், மூடியைக் கழட்டடி, பொங்கப் போகுது." அங்கே பொங்கி வழியும். ஜெஸ்மின் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த மீனை எடுப்பாள்.

அவள் கணவன் றொபேட் கடலுக்குப் போகிறவர். கரைக்கு வந்ததும் முதற்கேள்வி இதுதான்: "உன்ர சொந்தக்காரர் இண்டைக்கும் உருளைக்கிழங்கோ?"

"நீங்கள் மட்டும் என்ன? நேற்றும் சூடை, இண்டைக்கும் சூடை."

அவள் இந்தக் குடும்பத்தைப் பார்க்கத் தொடங்கியது 2022 இல். அப்போது அவள் வீட்டிலும் மின்சாரம் இல்லை. கம்பி தெருவோடு போனது. உள்ளே இழுப்பதற்குக் காணிப் பத்திரம் கேட்டார்கள். அது அவளிடம் இல்லை. கூரையில் கிடந்த ஒரு சிறிய சூரியத் தகட்டில்தான் கைப்பேசிக்கு உயிர் வந்தது. நான் திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு பண்டகசாலையில் வேலை செய்கிறேன். ஞாயிறு பூசை முடிந்து பஸ்ஸில் போய் அவளைப் பார்ப்பது வழக்கம். ஒருநாள் கேட்டேன்: "விறகு, கிணறு, கோழி. நீ செய்யிறதைத்தானே அவையும் செய்யினம். இதில என்னத்தைப் பார்க்கிறாய்?"

"அவையள் வேண்டாமெண்டு விட்டிட்டு வந்தவை அண்ணை. எங்களுக்குத் தராமல் விட்டவை. அது வேற கதை." ஒரு மீனை முடித்துவிட்டு மீதியைச் சொன்னாள். "அவையள் ஒரு வேலையை முடிச்சால் எல்லாரும் நிண்டு அதைப் பார்க்கினம். வேலி போட்டாலும் நிண்டு பார்க்கினம். நான் கிணத்தைக் கட்டி முடிச்ச அண்டைக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு மிளகாய்க் கண்டுக்கு ஓடினனான்."

மாகிரட் என்கிற அந்தத் தாய் குளிர்காலத்துக்கு முன் போத்தல்களில் பழங்களை அடைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு தாள் துண்டு ஒட்டி எழுதுவாள். ஜெஸ்மினுக்கு அது பிடித்துப்போனது. திரையை நிறுத்தி வைத்து, அந்த எழுத்துகளைக் கோலம் போடுவதுபோல் ஒவ்வொரு வளைவாகப் பார்த்துக் கீறி, தன் கருவாட்டுச் சம்பல் போத்தல்கள் பதினொன்றிலும் ஒட்டினாள். கோயில் திருநாள் விற்பனைக்கு அவை போயின. நல்ல சிவப்புச் சம்பல். பாதர் ஒரு போத்தலை எடுத்து, எழுதியிருந்ததை வாசித்து, மறுநாள் காலை பாணில் தாராளமாகப் பூசிக் கடித்திருக்கிறார். துண்டில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது 'ஸ்ட்ரோபெரி ஜாம்'.

பாதர் கண்ணீரைத் துடைத்தபடி சிரித்தார். ஊரும் சிரித்தது. ஜெஸ்மினும் சிரித்தாள். பிறகு விற்காமல் மிஞ்சிய நான்கு போத்தல்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்து தண்ணீரில் ஊறப்போட்டு, துண்டுகளைச் சுரண்டி எடுத்தாள்.

அவளுடைய படிப்பு முதலாம் வகுப்பில் நான்கு மாதம். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் நாங்கள் ஊரை விட்டு ஓடினோம். அவளுக்கு ஆறு வயது, எனக்குப் பதினான்கு. நான் எட்டாம் வகுப்பையாவது முடித்திருந்தேன். போன இடங்களில் பள்ளிக்கூடம் இருந்தபோது அவளுக்குக் காய்ச்சல். காய்ச்சல் நின்றபோது பள்ளிக்கூடத்தில் அகதிச் சனம் குடியிருந்தது. திரும்பி வந்தது 2010 இல். தேவைப்பட்ட தாள்களில் எல்லாம் பெருவிரலை வைத்தாள்.

சம்பல் விஷயத்துக்குப் பிறகு அவள் வாசிக்கப் பழகினாள், ஆனால் யாரிடமும் பாடம் கேட்கவில்லை. சொல்லித் தரட்டுமா என்று நான் கேட்டுப் பார்த்தேன், "உங்களுக்குப் பொறுமை இல்லை" என்றாள். மகளிடம் கேட்க வெட்கம். தனக்குத் தெரிந்த பொருள்களிலிருந்து தொடங்கினாள். உப்புப் பக்கற்றில் உப்பு என்றுதான் இருக்கும், சீனிப் பக்கற்றில் சீனி என்றுதான் இருக்கும். அப்படி எழுத்துகளைப் பிடித்தாள். பின்னர் பஸ் பெயர்ப்பலகைகள், கோயில் அறிவித்தல்கள். ஒன்றரை வருடத்தில் மெதுவாக வாசிப்பாள் என்ற நிலைக்கு வந்துவிட்டாள். றொபேட்டுக்கே அது முழுதாகத் தெரியாது.

அவளுக்கு அது தேவைப்பட்டது. 2012 இல் பக்கத்துக் காணிக்காரர் குணரத்தினம், "கூரைக்குத் தகரம் குடுக்கினம், விரலை வை" என்று ஒரு தாளை நீட்டினார். வைத்தாள். தகரம் வரவில்லை. அரை ஏக்கரில் கிணறு இருக்கிற பாதியை அவருக்கு விட்டுக்கொடுப்பதாக அந்தத் தாளில் எழுதியிருந்தது என்பது, காணி விசாரணையில் அவர் அதை எடுத்துக் காட்டிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அத்தோடு கோப்பு கட்டப்பட்டு மூலையில் கிடந்தது. கிணறு போனால் மற்றப் பாதியில் மிளகாயும் இல்லை, கோழியும் இல்லை. தென்னைகூடத் தப்பாது.

அவள் விரல் வைத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு புதுக் காணி உத்தியோகத்தர் நேரே வந்து பார்ப்பதாக அறிவித்தார். இளம் பெண். அன்று நான் லீவு போட்டுப் போனேன். குணரத்தினம் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எனக்கு முன்பே வந்து நின்றார்.

"காணியைக் காட்டுங்கோ அக்கா" என்றார் உத்தியோகத்தர்.

ஜெஸ்மின் செய்ததை அங்கு யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்த மலைக்காட்டுத் தாய், படம் பிடிக்கிறவனைப் பார்த்துக் கதைத்தபடி பின்பக்கமாக நடந்துதான் தன் தோட்டத்தைக் காட்டுவாள். ஜெஸ்மினுக்குக் காணி காட்டுவது என்றால் அதுதான். உத்தியோகத்தரின் முகத்தைப் பார்த்தபடி, கைகளை இரண்டு பக்கமும் விரித்து, பின்பக்கமாகவே நடந்தாள். "இது கோழிக்கூடு. கீரி புகுந்ததுக்குப் பிறகு அடியில கல்லு வைச்சனான். இஞ்சால மிளகாய். இது ஆனை மட்டையளை முறிச்ச தென்னை, திரும்பத் தளிர்த்தது."

றொபேட் தலையில் கை வைத்தார். "படம் பிடிக்கினம் எண்டு நினைச்சிட்டாள் போல!"

"அக்கா, திரும்பி நடங்கோ. விழப்போறீங்கள்."

"நான் வெட்டின குழி எங்க இருக்கெண்டு எனக்குத் தெரியும் மிஸ்."

வாய்க்காலைப் பாராமல் தாண்டினாள். கூட்டு எருக் கிடங்கைப் பாராமல் சுற்றிப்போனாள். வெட்டிய தென்னங்குற்றிகள் இரண்டுக்கும் நடுவால் போனாள். பின்னால் நேராகப் பார்த்து நடந்து வந்த குணரத்தினம், கிணற்றடி வாய்க்காலுக்குள் கணுக்கால்வரை இறங்கினார். உத்தியோகத்தர் அவருடைய செருப்பையும் பார்த்தார், ஜெஸ்மினின் காலையும் பார்த்தார்.

குணரத்தினம் சேற்றோடு நின்றபடியே தாளை நீட்டினார். "இதில அவவின்ர விரல் இருக்கு மிஸ்."

"என்ர விரல்தான்" என்றாள் ஜெஸ்மின். "அது வாசிக்கத் தெரியாத விரல்."

முற்றத்தில் கதிரை போட்டு உத்தியோகத்தர் வாக்குமூலம் எழுதினார். ஒன்றரைப் பக்கம். "நான் வாசிச்சுக் காட்டுறன், சரியெண்டால் விரலை வையுங்கோ."

"தாங்கோ மிஸ். நானே வாசிக்கிறன்."

றொபேட் என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். உதடு அசைய, ஒவ்வொரு சொல்லின் கீழும் நகத்தை வைத்து வாசித்தாள். இருபத்திரண்டு நிமிடம். குணரத்தினம் இரண்டு தடவை இருமினார். அவள் நிமிரவில்லை. இரண்டாம் பக்கத்தில் நகம் நின்றது.

"மிஸ், கோழிக்கூடு இருக்கு, மிளகாய் இருக்கு, தென்னை இருக்கு. கிணறு எங்க?"

உத்தியோகத்தர் தாளை வாங்கிப் பார்த்தார். "விட்டுப்போச்சு அக்கா" என்று சொல்லி, கிணற்றை எழுதி, பக்கத்தில் தன் ஒப்பத்தையும் போட்டார். அரை ஏக்கருக்கும் அனுமதிப்பத்திரம் அடுத்த வருடம் ஜெஸ்மின் பெயரில் வந்தது. மின்சாரம் அதற்கு மூன்று மாதம் பிந்தி வந்தது. அந்த இரண்டு தேதிகளையும் கேட்டால் நான் தேடித்தான் சொல்ல வேண்டும்.

அன்று உத்தியோகத்தரோடு வந்த சிற்றூழியர், பழைய கோப்பின் பழக்கத்தில், மைப்பெட்டியைத் திறந்து அவள் முன்னால் வைத்தார். ஜெஸ்மின் இடக்கையால் அதன் மூடியைச் சாத்தி அவர் பக்கம் தள்ளினாள். வலக்கையைச் சட்டையில் துடைத்து, பேனாவுக்கு நீட்டினாள்.

அது நடந்தது 2024 ஜூலை 11, வியாழக்கிழமை.