லோக்கல் என்றொரு சொல்

திருச்சானூரில் ஷேர் ஆட்டோ ஏறினால் நான் அதிகம் வாயைத் திறப்பதில்லை. தமிழில் இரண்டு வார்த்தை பேசினால் போதும், கோயிலுக்கு வந்தவள் என்று நினைத்து வெளியூர் ரேட்டைச் சொல்லிவிடுவார்கள். காசை நீட்டி "லோக்கல்" என்பேன். டிரைவர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்வார். இந்தப் பாழாய்ப்போன சொல் எனக்கு உதவியது ஆட்டோவில் மட்டும்தான்.

சின்ன வயதில் அதற்குக் கௌரவம் கிடையாது. கொஞ்சம் குரலை உயர்த்தினால் "லோக்கலா பேசாதே" என்று பள்ளிக்கூடத்தில் திட்டுவார்கள். கடையில் லோக்கல் என்றால் மட்டமான சரக்கு. அரக்கோணத்தில் லோக்கல் என்றால் எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற ரயில். பல் பிடுங்கப் போனபோது டாக்டர் ஈறில் ஊசி போட்டு, "லோக்கல்தாம்மா, அந்த இடம் மட்டும் மரத்துப்போகும்" என்றார். ஒருநாள் ஆத்திரத்தில் போனை எடுத்து இது எங்கிருந்து வந்து தொலைத்தது என்று தேடினேன். லத்தீனில் இடம் என்று பொருளாம். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்ததாம். ரயில் எஞ்சினுக்குச் சொல்கிற லோகோமோட்டிவும் அதே வேர்தானாம். இதை நைனாவிடம் சொன்னேன். நைனா என்றால் என் அப்பா. அவர் அதுவரை அது லோகத்திலிருந்து வந்த சொல் என்று நினைத்திருந்தார். லோகத்தில் இருக்கிறவன் எல்லாம் லோக்கல்தானே என்பது அவர் கட்சி.

எங்கள் ஊர் பாலசமுத்திரத்துப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திரா. அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு முடிந்துவிடும். அதற்குமேல் தமிழில் படிக்க வேண்டுமென்றால் எல்லை தாண்டி மாமன் வீட்டில் தங்க வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் அது. யாரும் யோசித்துச் செய்ததில்லை. பத்து மைல் தள்ளி இருக்கிற சொந்தக்காரர் வீடு வேறு மாநிலம் என்று யாருக்குத் தோன்றும்? பள்ளிப்பட்டு பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டபோது நைனா சொன்னது ஒன்றுதான். நன்றாகத் தமிழ் படித்துவிட்டு வா, நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே டீச்சராக உட்காரலாம்.

படித்தேன். பி.எட். முடித்தேன். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குத் தமிழ் டீச்சர் வேலை ஒன்று வந்தது, பரீட்சை எழுதித் தேறினேன். சர்டிபிகேட் பார்க்கச் சித்தூருக்குக் கூப்பிட்டார்கள். நைனா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கூடவே வந்தார்.

அந்த அதிகாரி நல்ல மனிதர், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஆறாவதிலிருந்து எல்லாம் தமிழ்நாட்டில் படித்திருக்கிறீர்கள், அதனால் நீங்கள் நான்-லோக்கல், அதாவது வெளியூர், என்று தெலுங்கில் மெதுவாகச் சொன்னார். இருப்பது ஒரே இடம், அது லோக்கலுக்கு. பிறந்த ஊர், நிலம், ரேஷன் கார்டு, ஓட்டு எல்லாம் சொல்லிப் பார்த்தேன். எங்கே பிறந்தோம் என்பது கணக்கில்லையாம், எங்கே படித்தோம் என்பதுதான் கணக்காம். சரி, தமிழ்நாட்டிலாவது பார்க்கலாம் என்று போனால், ஜாதி சர்டிபிகேட் ஆந்திராவில் வாங்கியது, இங்கே செல்லாது என்றார்கள். அங்கேயும் நான் வெளியூர்க்காரிதான்.

அன்றைக்குச் சித்தூர் ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் நைனா வெகுநேரம் நின்றார். யாரையும் திட்டவில்லை. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எங்க நைனா, அவரோட நைனா அல்லாரையும் அந்த மண்லதான் பொதச்சி கீறோம். அவங்க லோக்கலா, இல்லியா? அத்த மட்டும் கேட்டுக்கினு வாம்மா."

நான் உள்ளே போகவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது.

அந்த வேலைக்குக் கடைசிவரை ஆள் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? தமிழ் படித்தவர்கள் எல்லாம் என்னைப்போல எல்லை தாண்டிப் படித்தவர்கள். தாண்டாதவர்களுக்குத் தமிழில் பாடம் நடத்துகிற அளவுக்குத் தமிழ் தெரியாது. டீச்சர் இல்லை என்று பிள்ளைகளைத் தெலுங்குக்கு மாற்றினார்கள். பிள்ளைகள் இல்லை என்று தமிழ் வகுப்பையே எடுத்துவிட்டார்கள்.

இப்போது திருச்சானூரில் ஒரு லாட்ஜில் கவுண்ட்டரில் உட்கார்ந்து ரூம் சாவி கொடுக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் என் பேச்சைக் கேட்டுவிட்டு, நீங்கள் எந்த ஊர் என்று ஆசையாகக் கேட்கிறார்கள். என் மகள் பக்கத்திலேயே தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அவளை எங்கேயும் அனுப்புவதாக இல்லை.

போன பொங்கலுக்கு நைனா வந்திருந்தார். அவர் பார்க்கட்டும் என்று மகளை உட்காரவைத்துப் பலகையில் 'அ' எழுதிக் காட்டினேன். அவள் அதைப் பார்த்தாள். இது பரீட்சையில் வருமா என்று கேட்டாள். வராது என்றேன். அப்புறம் எதற்கு என்றாள். தமிழ் சொல்லிக்கொடுக்கவென்றே படித்தவள் நான். நைனா ஏதாவது சொல்வார் என்று திரும்பிப் பார்த்தேன்.

"உட்டுடும்மா," என்றார். "அவளாவது லோக்கலா இருந்துட்டுப் போவட்டும்."

பலகையை நானே துடைத்து வைத்தேன்.