கிழங்குக்கு ஒரு முத்தம்

ஒரு கிழங்குக்கு முத்தம் கொடுத்ததற்காக ஒரு ஆளைக் கடையை விட்டுப் போகச் சொல்லுவார்களா?

சொல்லுவார்கள். இரண்டு கிழமைக்கு முந்தி, லண்டன் குட்மேய்ஸில் ஒரு தமிழ்க் கடையில், நான் பக்கத்தில் நிற்கவே சொன்னார்கள்.

முத்தம் கொடுத்தவள் மரிசா. என் பக்கத்து வீட்டுக்காரி. பிலிப்பைன்ஸ் பெண், முதியோர் இல்லத்தில் வேலை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலி இருந்தது. போன மாரிக் காற்றில் பாதி விழுந்துவிட்டது. விழுந்ததும் நல்லதுதான்... ஷிப்ட் முடிந்தால் அந்த இடைவெளியால் நேரே என் குசினிக்கு, அடுப்படிக்கே, வந்துவிடுவாள். எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம். அவளுக்குத் தமிழில், ஆமாவுக்கு 'ஓம்', போதும் என்பதற்குக் 'காணும்' என்று இரண்டே சொல். இதை வைத்துக்கொண்டு வருசக்கணக்காகக் கதைக்கிறோம். இன்னும் முடியவில்லை.

அன்றைக்கு அவளுக்கு வேண்டியிருந்தது இராசவள்ளிக்கிழங்கு. வெட்டினால் கத்தரிப்பூ நிறத்தில் இருக்குமே, அதேதான். நாங்கள் தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டுக் கஞ்சி காய்ச்சுகிறோம். அவர்கள் இன்னும் இறுக்கி அல்வாப் பதத்துக்குக் கிண்டுகிறார்கள். கிழங்குக்கு அங்கே 'ஊபே' என்று பெயர்.

அவளுடைய ஊரார் லண்டனில் பத்துப் பதினைந்து குடும்பம் இருக்கிறார்கள். வருசம் ஒரு வீட்டில் கூடித் திருவிழாக் கொண்டாடுவார்கள். இந்த வருசம் மரிசாவின் முறை. மறுநாள் திருவிழா. ஊபே இல்லாவிட்டால் அது திருவிழாவே இல்லையாம். "பவுடர் விக்குதே?" என்று கேட்டேன். போன வருசம் வால்தம்ஸ்டோவில் ஒருத்தி பவுடரில் செய்தாளாம். இன்றைக்கு வரைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்களாம்! மரிசா ஊருக்குப் போயே ஆறேழு வருசம். ஒரு நாளாவது தன் வீடு ஊர் வீடு மாதிரி இருக்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை.

கிழங்குக் காலம் முடிந்துவிட்டது. நான் வழக்கமாகப் போகிற கடைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன், அங்கே கடைசிப் பெட்டி ஒன்றுதான் கிடந்தது. மரிசா குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஒன்று கை தவறி நிலத்தில் விழுந்தது. பதறி எடுத்தாள். கிழங்கிடம் ஏதோ மெல்லச் சொன்னாள். பிறகு... உதட்டில் வைத்து ஒரு முத்தம்.

"ஐயோ, அங்கை பாருங்கோவன்! கிழங்கைக் கொஞ்சுறா!" என்று வரிசையில் நின்ற ஒரு பெண் கத்தினாள்.

கொஞ்சம் பொறுங்கள். அந்த முத்தம் எங்கே இருந்து வந்தது என்று சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்புகிறேன்.

மரிசாவின் ஊர் பொஹோல். பிலிப்பைன்ஸின் நடுக்கடலில் ஒரு தீவு, அதுவே ஒரு மாகாணம். சுற்றிவரக் குட்டித் தீவுகள். நானும் தீவுக்காரிதான் — யாழ்ப்பாணத்துப் புங்குடுதீவு. சின்ன வகுப்போடு படிப்பு நின்றதால் உலகப் படம் பள்ளிக்கூடத்தில் பார்த்ததில்லை. பொஹோலை மரிசா என் குசினி மேசையில், சிந்தின தேத்தண்ணியில் விரலால் கீறித்தான் காட்டினாள். கிட்டத்தட்ட ஒரு முட்டை.

எங்களைப் போல அதுவும் சுண்ணாம்புக்கல் நிலம். ஆனால் எங்களுடையது தோசைக்கல்லுப் போல தட்டை. அங்கே ஆயிரத்துக்கு மேல் குன்றுகள், யாரோ தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்து அடுக்கின மாதிரி. மழைக்குப் பச்சை. கோடையில் புல் காய்ந்து சொக்லேட் நிறம். பெயரும் சொக்லேட் குன்றுகள்தான்! பார்க்க உலகம் முழுக்க இருந்து ஆட்கள் போகிறார்கள்.

காட்டில் ஒரு பிராணி இருக்கிறதாம். கைப்பிடி அளவு, முகம் முழுக்கக் கண். ஆட்கள் தொட்டுச் சத்தம் போட்டால் தாங்காமல் செத்தே போய்விடுமாம். அவ்வளவு கூச்சம். கேட்டவுடனே எனக்கு அதன் மேல் ஒரு சொந்தம் வந்துவிட்டது.

சரித்திரமும் சும்மா இல்லை. ஸ்பெயின்காரன் கப்பலில் வந்து இறங்கினபோது, ஊர்த் தலைவன் அவனோடு கையைக் கீறி, இரண்டு பேரின் இரத்தத்தையும் கலந்து குடித்து நட்பானானாம். அந்த நட்பு முந்நூறு வருச ஆட்சியாக முடிந்தது! அந்த ஆட்சிக் காலத்தில் ஊர்க்காரர் ஒருவருடைய சகோதரன் செத்தபோது, பாதிரியார் அடக்கம் செய்ய மறுத்துவிட்டார். அந்தக் கோபத்தில் அவரோடு ஸ்பெயின்காரனை எதிர்த்து மலையேறின சனம் எண்பது வருசத்துக்கு மேல் இறங்கவில்லை. தொடங்கினவர்கள் ஒருவரும் முடிவைப் பார்த்திருக்கமாட்டார்கள். மரிசா இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பெரிய பூமியதிர்ச்சி ஒன்றில் பவளக்கல்லில் கட்டின பழைய கிறிஸ்தவக் கோயில்கள் விழுந்தன. விழுந்த கற்களைப் பொறுக்கி வைத்துத் திரும்பக் கட்டினார்கள். நெல்லும் தென்னையும் மீன்பிடியும்தான் சீவியம். அரிசியும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் போட்டு ஒரு பண்டம் கிண்டிச் சிரட்டையில் அடைத்து விற்கிறார்கள். ருசி பார்த்தேன் — அசல் எங்கள் தொதல்! மிச்ச வருமானம்? மரிசா மாதிரி ஆட்கள்தான். கப்பலிலும் ஆஸ்பத்திரியிலும் உழைத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இந்தப் பாடம் எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி அந்த முத்தம். ஒரு காலத்தில் மழை பொய்த்துத் தீவில் பயிர் எல்லாம் செத்ததாம். மண்ணுக்குள் கிடந்த ஊபேதான் சனத்தைக் காப்பாற்றியதாம். அன்றிலிருந்து அது நிலத்தில் விழுந்தால் எடுத்து, மன்னிப்புக் கேட்டு, முத்தம் கொடுப்பது வழக்கம். சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும்.

ஆனால் குட்மேய்ஸில் யாருக்குத் தெரியும்?

கடைக்கார ரவி கல்லாவை விட்டு எழும்பி வந்தார். "மேடம், நோ! நோ!" பிறகு என் பக்கம் திரும்பினார். "அம்மா, உங்களோடை வந்த ஆளோ? வாயிலை வைச்சுப் பாக்கிறாவே! விரதகாரச் சனம் வாங்கிற சாமான். எச்சில் பட்டதை நான் ஆருக்கு விக்கிறது? அந்த ஒண்டை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கோ. மிச்சத்திலை கை வைக்க வேண்டாம்."

"கொஞ்சினவ தாலியையும் கட்டட்டும் அண்ணை!" என்றாள் வரிசைக்காரி. எல்லோரும் சிரித்தார்கள்.

மரிசாவுக்குச் சொல் விளங்கவில்லை. சிரிப்பு விளங்கியது. கிழங்கை மெல்லப் பெட்டியில் வைத்தாள். "நான் ஏதும் பிழை செய்தேனா, அன்ரி? வாங்கோ, போவம்," என்று இங்கிலீஷில் சொன்னாள். கண் கலங்கிவிட்டது.

நான் அந்தக் கடைக்குப் போகத் தொடங்கி இருபது வருசம். "எவ்வளவு தம்பி?" என்பதைத் தவிர ஒன்றும் கதைத்ததில்லை. அழுகின தக்காளியைக் கூடத் திருப்பிக் கொடுத்ததில்லை. ஆட்கள் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிவிடும்.

ரவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். கால் ஒரு அரிசி மூட்டையில் இடித்தது. பெட்டியைக் கீழே வைத்தார். மூட்டையைத் தொட்டார். கண்ணில் ஒற்றினார். பிறகு திரும்பவும் பெட்டியைத் தூக்கினார். அவ்வளவு கோபத்திலும்!

எனக்கு எங்கே இருந்து வாய் வந்ததோ தெரியாது.

"தம்பி, இப்ப என்ன செய்தனியள்?"

"என்னம்மா?"

"கால் பட்டவுடனை அரிசியைத் தொட்டுக் கும்பிட்டியளே. ஏன்?"

"அது... அரிசியெல்லோ அம்மா."

"அவவுக்கு அது கிழங்கு. அவவின்ரை ஊரிலை பஞ்சம் வந்தபோது சனம் இதைத் திண்டுதான் உயிர் தப்பினது. விழுந்தால் மன்னிப்புக் கேட்டுக் கொஞ்சுவினம். நீங்கள் கண்ணிலை ஒத்துறியள், அவ வாயிலை ஒத்துறா. நக்கிப் பாக்கேல்லைத் தம்பி."

வரிசைக்காரி தன் போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

ரவி பெட்டிக்குள் கிடந்த கிழங்குகளைப் பார்த்தார். "சண்டைக்கு இடம்பெயர்ந்து கிடந்த காலத்திலை எங்களுக்கு மரவள்ளி," என்றார், யாருக்கும் சொல்லாத மாதிரி. "மூண்டு நேரமும் மரவள்ளி. பிறகு அதைக் கண்டாலே வெறுப்பு."

பிறகு மரிசாவிடம் போய், "ஸொறி, சிஸ்டர்," என்று பெட்டியை அவள் கையில் கொடுத்தார். முழுப் பெட்டியும். மரிசா, "ஓம், ஓம்," என்றாள். அவளிடம் இருந்த தமிழ் அவ்வளவுதானே.

மறுநாள் நானும் போனேன். வாசல் கதவைத் திறந்தே வைத்திருந்தாள். திருவிழா அன்றைக்குத் தெரியாத ஆள் வந்தாலும் சாப்பாடு போடவேண்டுமாம், அதுவும் அந்தத் தீவின் வழக்கம். பார்சல் கொண்டுவந்த பையனையும் இருத்திச் சாப்பிட வைத்தார்கள்! மேசை நடுவில் ஊபே கத்தரிப்பூ நிறத்தில் மினுங்கியது. வால்தம்ஸ்டோக்காரி இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள். மரிசா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்...

முந்தாநாள் வெண்டிக்காய் வாங்கப் போனேன். ரவி மரவள்ளிக்கிழங்கு அடுக்கிக்கொண்டிருந்தார். ஒன்று நழுவி விழுந்தது. எடுத்தார். இங்கும் அங்கும் பார்த்தார். மெல்லக் கண்ணில் ஒற்றிவிட்டுத் தட்டில் வைத்தார்.

நான் பார்க்கவில்லை. வெண்டிக்காயின் நுனியை முறித்துக்கொண்டு நின்றேன்.