ஆஸ்பத்திரிக்குக் கட்டும் சேலை

என் அம்மாவை என்னைவிட நன்றாக இன்னொருத்தி வரைந்துவிட்டாள். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அவள் ஓவியக் கல்லூரியில் என்னோடு படித்தவள், அடையாறுக்காரி. என் அம்மாவுக்கு மூச்சிரைப்பு; கடலோரத்து நெட்டுக்குப்பத்தில் மீன் விற்கிறவள் அம்மா. ஒருமுறை அரசு ஆஸ்பத்திரிக்கு எங்களோடு அந்த அடையாறுக்காரியும் வந்தாள். ஒரே ஒரு காலை! நான் வருடக்கணக்காக அங்கே கால் கடுக்க நின்றவள்.

அம்மா டாக்டரைப் பார்க்கும் அந்தக் காட்சியையே இருவரும் கண்காட்சிக்கு வரைந்தோம். பழைய ஐரோப்பிய வைத்தியக் காட்சி ஓவியங்கள் பலவற்றில் வெளிச்சம் டாக்டர் முகத்தில் விழும், நோயாளி இருட்டில் கிடப்பார். கல்லூரியில் அதைத் திட்டித் தீர்த்தவள் நான். அதனால் வெளிச்சம் முழுவதையும் அம்மாவுக்குக் கொடுத்தேன். மூக்கில் மாஸ்க், ஒட்டிய கன்னம், தோளில் கிழிந்த சேலை. பார்த்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

ஆனால் கூட்டமெல்லாம் அடையாறுக்காரியின் படத்தின் முன்னால்தான். அதில் அம்மா கருநீலப் பட்டுச் சேலை மடிப்புக் கலையாமல் டாக்டருக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். எங்கள் குப்பத்தில் திருவிழாவுக்குக் கட்டுகிற சேலையைத்தான் ஆஸ்பத்திரிக்கும் கட்டுவார்கள். அந்தச் சேலைக்கு ஒவ்வொரு முறையும் இஸ்திரி போடுகிறவளே நான்தான். ஆனாலும் வரைய உட்கார்ந்ததும் ஏழை என்றால் கிழிசல் என்று என் கை தானாகப் போயிருக்கிறது.

அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். என் படம் நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் எனக்கு.

"இன்னாடி, என்னைப் பிச்சைக்காரி மாரி வரஞ்சி வெச்சிகீறே?"

"நீ சீக்காளிதானேம்மா."

"கந்தலோட போனா ஓரமா நில்லும்பாங்க. நல்ல சேலை கட்டிகினு போனாத்தான் உக்காரும்மான்னு சொல்லுவாங்க. ஒனக்குத் தெரியாதா?"

பிறகு அம்மா அடையாறுக்காரியின் படத்தின் முன் வெகுநேரம் நின்றாள். "அந்தப் பொண்ணு கரீட்டா பாத்துகீது" என்றாள்.

திரும்பும்போது, ரயில் திருவொற்றியூர் தாண்டியதும், "அடுத்த தபா ஆஸ்பத்திரிக்கு அந்தப் பொண்ணையும் வரச் சொல்லு" என்றாள்.

"நான் போதாதா?"

"நீயும் வா. அது கூட இருந்தா எனக்குத் தெம்பா கீது."

அடுத்த முறையும் சேலைக்கு நானே இஸ்திரி போட்டேன். அவளுக்குப் போன் மட்டும் செய்யவில்லை. டாக்டருக்கு எதிரே உட்கார்ந்த அம்மா, அவர் கூப்பிட்டது கூடக் காதில் விழாமல், வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.