கேமரா விட்டுவைத்த மூன்று நாற்காலிகள்

இது நான் கட்டிய கதை இல்லை. அன்று அந்த அறையில் இருந்த இயக்குநர் பர்வானோவ் இன்றும் இருக்கிறார். அவரைக் கேட்டால் "கருவியில் கோளாறு" என்பார். கருவியை இணைத்தவன் நான். கோளாறு எதுவும் இல்லை.

என் பெயர் லியூபென். பல்கேரியாவின் வடமேற்கில், வருடத்துக்கு ஒரு தெரு காலியாகும் ஊர் எங்களுடையது. ஒன்பது வருடம் ஜெர்மனியில் கிடங்கு வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவன். இப்போது அலுவலகங்களுக்குக் காணொளிக் கூட்டக் கருவிகளை இணைத்துக் கொடுக்கிறேன்.

பிப்ரவரியில் கண்ணாடித் தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. ஜனவரித் தொடக்கத்தில் அங்கே இரண்டாம் உலையில் விஷவாயு கசிந்து அசென் என்ற தொழிலாளி இறந்திருந்தார். எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. சத்தம் தொந்தரவாக இருக்கிறதென்று அசெனே அதை அணைத்துவிட்டார் என்றது நிர்வாகம். அப்படியே முடிவானால் அவர் மனைவி நெட்காவுக்கு மாத உதவித்தொகை கிடையாது. பழியும் செத்தவர் பெயரிலேயே நிற்கும். முதலாளிகள் வெளிநாட்டில் இருந்தார்கள். அவர்களுடைய வழக்கறிஞர் திரை வழியாக விசாரிப்பதாக ஏற்பாடு.

விசாரணை நாள் அசெனின் நாற்பதாம் நாளாக, ஆன்மா இங்கிருந்து கிளம்பும் நாளாக, அமைந்துவிட்டது. அது முதலாளிகளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் மாற்றியிருக்க மாட்டார்கள்.

பழைய கூட்ட அறை, மாடியில். டிமோ, வெல்கோ என்ற இரண்டு தொழிலாளிகள் என் பெட்டிகளைத் தூக்கி வந்தார்கள். வெல்கோவின் இடது புருவத்தைக் கண்ணாடிச் சில்லு ஒன்று என்றைக்கோ இரண்டாகப் பிளந்திருந்தது.

"இது என்னண்ணே, மைக்கா?" என்றான் டிமோ. "எங்க உலைகிட்ட ஒண்ணு வச்சிட்டுப் போங்க. நாங்க கத்துறது எவன் காதுலயும் விழ மாட்டேங்குது."

"உன் பாட்டைக் கேட்டா முதலாளி ஊரைவிட்டே ஓடிருவான்" என்றான் வெல்கோ.

"அவன் எங்கடா இங்க இருக்கான், ஓடுறதுக்கு?"

அப்போது நெட்கா படியேறி வந்தார். கறுப்புத் துணி. கையில் பெரிய தட்டு. அதில் சின்னச் சின்னக் கோப்பைகள். வேகவைத்த கோதுமை, மேலே சர்க்கரைத் தூள். நாற்பதாம் நாளுக்கு எல்லோருக்கும் கொடுப்பது.

"ஆளுக்கு ஒண்ணு எடுங்கடா. வேலைக்குப் போற நேரம், வெறும் வயித்தோட போகாதீங்க."

"கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்று சாவு வீட்டு வழக்கப்படி சொல்லி இருவரும் வாங்கிக்கொண்டார்கள். நானும் வாங்கினேன். அவர்கள் முதலாம் உலைக்குப் போக, நான் வேலையைத் தொடங்கினேன்.

சுவரில் துளை போட்டுக் கம்பி இழுக்க பர்வானோவ் சம்மதிக்கவில்லை. அதனால் எல்லாமே வைஃபையில். கேமராவைப் பக்கத்து அலுவலகத்தின் வைஃபையில் சேர்த்தேன். மேசையில் கம்பியில்லா மைக்குகள் மூன்று. ஒன்று பர்வானோவ் முன்னால், ஒன்று நெட்கா முன்னால், ஒன்று நடுவில். யாராவது பேசினால் அந்த மைக்கில் பச்சை விளக்கு எரியும். சுவர் இரும்பு வைத்துக் கட்டியது. வைஃபை ஒரே ஒரு கோடுதான் காட்டியது. தாங்குமா என்று பயந்தேன்.

நெட்கா தன் பக்கத்துக் காலி நாற்காலிக்கு முன்னால் ஒரு கோப்பையை வைத்தார்.

"இங்க எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார் பர்வானோவ்.

"அவருக்கு" என்றார் நெட்கா.

வைஃபையைப் பார்த்தேன். நான்கு கோடும் நிறைந்திருந்தது.

மணி மூன்று ஐம்பது. வெளியே பனிமூட்டம் இறங்கத் தொடங்கியிருந்தது.

அந்தக் கேமரா முகங்களை எண்ணிப் படத்தைத் தானே அமைத்துக்கொள்ளும். இரண்டு முகம் என்றால் இரண்டு பேருக்கு நெருங்கி வரும். அன்று நெருங்கவில்லை. நெட்காவுக்கு அடுத்த மூன்று காலி நாற்காலிகளையும் சேர்த்தே காட்டியது. அணைத்துப் போட்டேன். நெருங்கி வந்தது. பிறகு மெதுவாக, தானாகவே, மறுபடி விலகியது...

மூன்று நாற்காலி.

மூன்று முறை முயன்றேன். விட்டுவிட்டேன்.

நான்கு மணிக்குத் திரையில் வழக்கறிஞர் வந்தார். கீழே ஒரு சிறிய கட்டத்தில் மொழிபெயர்ப்பாளர் இலீனா. எங்கள் நாட்டுப் பெண்தான், காதில் ஹெட்போன் மாட்டியிருந்தாள். நாங்கள் பேசுவதை ஜெர்மனில் சொல்வாள், அவர் பேசுவதை எங்கள் மொழியில். அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. "அவர் சொல்கிறார்" என்று சொல்ல மாட்டார்கள். பேசுகிறவராகவே நின்று "நான்" என்றுதான் சொல்வார்கள்.

பர்வானோவ் ஐந்தே நிமிடத்தில் முடித்தார். எச்சரிக்கை மணி வேலை செய்தது, அசென் அணைத்தார்.

"நீங்கள் நேரில் பார்த்தீர்களா?" என்று நெட்காவிடம் கேட்டார் வழக்கறிஞர்.

"இல்லைய்யா. ஆனா அவரை எனக்குத் தெரியும்."

"பார்க்கவில்லை. நன்றி."

குனிந்து எழுதத் தொடங்கினார். அறையில் யாரும் பேசவில்லை. ரேடியேட்டரில் மட்டும் டிக்... டிக்... என்று சத்தம்.

நடுவில் இருந்த மைக்கில் பச்சை விளக்கு எரிந்தது.

இலீனா நிமிர்ந்தாள். காது கொடுத்துக் கேட்டாள். பிறகு ஜெர்மனில் பேசத் தொடங்கினாள்.

"நான் அதை அணைக்கவில்லை."

நடு மைக்கின் முன்னால் யாரும் இல்லை.

"இலையுதிர் காலத்திலேயே அதன் பேட்டரியைக் கழற்றிவிட்டார்கள். இரண்டு முறை பர்வானோவிடம் சொன்னேன். உற்பத்தி நிற்கும் என்றார்."

பர்வானோவுக்கும் ஜெர்மன் தெரியும். அவர் முகம் வெளுத்தது.

"என்ன தம்பி சொல்றா அந்தப் பொண்ணு?" என்று நெட்கா என் கையைப் பிடித்தார். "யாரும் பேசவே இல்லையே?"

நான் பச்சை விளக்கைக் காட்டினேன்.

"விழும்போது அந்த மணியின் விளக்கைப் பார்த்தேன்" என்றாள் இலீனா. "அது அணைந்துதான் கிடந்தது."

"நிறுத்துடா அதை!" பர்வானோவ் மைக்கைப் பிடுங்கினார். பேட்டரியை உருவி எறிந்தார்.

பச்சை எரிந்துகொண்டே இருந்தது.

வழக்கறிஞர் நிமிர்ந்தார். "பேசுவது யார்? பெயர்?"

இலீனா கேட்டாள். காத்திருந்தாள். சொன்னாள்.

"அசென் டோடோரோவ். இரண்டாம் உலை."

அந்தப் பெயரை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. நெட்கா திரும்பினார். காலி நாற்காலியைப் பார்த்தார்.

திரை கறுத்தது.

நான்கு இருபத்தாறு.

கோப்பையைப் பார்த்தேன்... சர்க்கரையில் கரண்டி இறங்கிய குழி.

*

ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. கடைசியாகப் பேசிய சாட்சியின் அடையாளம் உறுதிப்படாததால் அவருடைய வாக்குமூலம் ஏற்கப்படவில்லை. எச்சரிக்கை மணியை அணைத்தவர் இறந்தவரே. உதவித்தொகை இல்லை.

நெட்காவுக்கு நான்தான் படித்துச் சொன்னேன். அவர் அழவில்லை.

"செத்தவனே வந்து சொன்னாலும் அடையாள அட்டை கேக்குறானுங்க" என்றார்.

பேட்டரி பற்றி நெட்கா தொழிற்சாலை வாசலில் நின்று கத்தினார். நான் தொழிலாளர் ஆய்வு அலுவலகத்துக்கு எழுதிப் போட்டேன். ஆய்வுக்கு வருவதாகப் பதில் வந்தது. யாரும் வரவில்லை.

மே மாதம் முதலாம் உலையில் வாயு கசிந்தது. அங்கேயும் மணி அடிக்கவில்லை. தொழிற்சாலைக் கதவில் இரண்டு மரண அறிவிப்புகளை ஒட்டினார்கள், படத்தோடு. டிமோ. வெல்கோ.

அடுத்த வாரம் இலீனா எனக்குப் போன் செய்தாள். புதிய விசாரணைக்கும் அவளைத்தான் அமர்த்தியிருந்தார்கள். கோப்பில் இருந்த படங்களைப் பார்த்திருக்கிறாள்.

"அண்ணே, இதுல ஏதோ தப்பு இருக்கு" என்றாள். "இவங்க ரெண்டு பேரும் இப்பத்தான் செத்தாங்கன்னு போட்டிருக்கு."

"ஆமா. போன வாரம்."

"அசென் செத்தவர்னு அப்புறம்தான் தெரிஞ்சுது, இவங்களும் அவரோட செத்தவங்கன்னு நெனச்சிருந்தேன். அப்ப பிப்ரவரியில அவர் பக்கத்துல உக்காந்திருந்தது யாரு? ஒருத்தருக்குப் புருவம் பிளந்திருந்துச்சு. கையில கோதுமைக் கோப்பை. அன்னைக்கு அடுத்த சாட்சிங்கன்னு நெனச்சேன். இவங்களும் பேசுவாங்கன்னு காத்துட்டே இருந்தேன்..."

அன்று நான்கு மணிக்கு அவர்கள் இருவரும் முதலாம் உலையில் வேலையில் இருந்தார்கள். உயிரோடு. ஆறு மணிக்கு என் பெட்டிகளைக் கீழே இறக்கிக் கொடுத்ததும் அவர்கள்தான்.

புதிய விசாரணைக்குக் கருவியை இணைக்க பர்வானோவ் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார். அதே அறை. மூன்றாம் உலை ஓடிக்கொண்டிருக்கிறது. கேமரா இந்த முறை எத்தனை நாற்காலிகளை விட்டுவைக்கும் என்று எனக்குத் தெரியாது.