உயிரோடு இருக்கும்போதே சீயக்காய்

போன வாரம் நான் செத்துப்போய்விட்டதாக நம்பினேன். முழுக்க அல்ல... முக்கால்வாசி. சிரிக்காதீர்கள். என் கட்டிலில் நீங்கள் கிடந்திருந்தால் மீதிக் காலையும் சேர்த்து நம்பியிருப்பீர்கள்.

நான் ரங்கூனில், பசுந்தாங் பேட்டையில் ஒரு மரக் கம்பெனியில் குமாஸ்தா. இங்கே வந்து தலை நரைத்தாயிற்று. ஆனாலும் எனக்குத் தெரிந்த பர்மிய பாஷை ஒரே ஒரு கேள்விதான். ‘தா பாலே?’ — இது என்ன? பதில் வந்தால் புரியாது. அது வேறு விஷயம். மளிகைக் கடையில் தமிழ், ரிக்‌ஷாவில் தெலுங்கு, டிராமில் இந்துஸ்தானி... பர்மாவில் பர்மிய பாஷைக்கு எங்கே வேலை?

எங்கள் வெள்ளைக்காரத் துரை அதற்கு ஒரு வேலை வைத்தார். கம்பெனி இனித் தேக்கோடு பட்டை, காய், தழை என்று காட்டுச் சரக்கும் வாங்கப் போகிறதாம். வாங்கும் குமாஸ்தா, கொண்டு வருகிற பர்மியர்களோடு அவர்கள் பாஷையில் பேச வேண்டும். இது எந்த மரம், எந்தச் செடி, ஜனங்கள் இதை எதற்கு வைத்துக்கொள்கிறார்கள் என்று சொல்லத் தெரிய வேண்டும். பர்மிய வருஷப் பிறப்பு விடுமுறை முடிந்ததும் பரீட்சை. தேறினால் அந்த நாற்காலி எனக்கு. தேறாவிட்டால்?

மெட்ராஸ் கப்பலில் இப்போது காற்று நன்றாக வருகிறதாம் என்றார் துரை. அவருக்கு அது ஹாஸ்யம்.

விடுமுறையில் படிக்கலாம் என்று இருந்தேன். வருகிறவன் போகிறவன்மேல் எல்லாம் தண்ணீர் ஊற்றும் பர்மியர் திருவிழா என்னை விட்டதா? குடை பிடித்துக்கொண்டு வெற்றிலை வாங்கப் போனேன். குடையோடு நனைந்து திரும்பினேன். இருமல், ஜுரம், கொய்னா மருந்து, கட்டில்.

வருஷப் பிறப்பன்று காலையில் கண் விழித்தால், வாசற்படியில் ஒரு புது மண்பானை. அதில் பச்சைத் தழை. ஒருவன் சீக்காகக் கிடக்கும் வீட்டு வாசலில் புதுப் பானை எதற்கு? அடுக்களையிலிருந்து என் சம்சாரம் செல்லம்மா எட்டிப் பார்த்தாள். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

அப்புறம் மாடியில் குடியிருக்கும் பர்மியக்காரி டோ மியா இறங்கி வந்தாள், தன் இரண்டு பெண்களோடு. எல்லாரும் குளித்துப் புதுத் துணி உடுத்தியிருந்தார்கள். ஒருத்தி கையில் ஆவி பறக்கும் சட்டி. வாடை மூக்கில் ஏறியது.

சீயக்காய்!

நம்மவர்களில் நாலு பேர் கூடி ஒருவன் தலையில் சீயக்காய் வைப்பது எப்போது? ஒன்று, கல்யாணத்தின்போது. மற்றது... எனக்குக் கல்யாணம் ஆகி ரொம்ப நாளாயிற்று.

டோ மியா கட்டிலருகே உட்கார்ந்தாள். அதுவரை அவளுக்கு நான் ‘கோ சாமி’, அதாவது அண்ணன். அன்றைக்கு மிகவும் மரியாதையாக, “ஊ சாமி” என்று கூப்பிட்டாள். பெரியவரே என்கிறாள்! திடீரென்று இத்தனை மரியாதை யாருக்குக் கிடைக்கும்? அது மட்டுமா, என் கையைப் பிடித்து நகம் வெட்ட ஆரம்பித்தாள்.

அலற நினைத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே பர்மியம்தான் வெளியே வந்தது.

“தா பாலே?” என்று சட்டியைக் காட்டினேன்.

“கின்புன்” என்றாள். மூத்தவள் ஒரு காயை எடுத்துக் காட்டினாள். நம் சீயக்காயேதான். அதில் வழவழவென்று கிடந்த நாரைக் காட்டி மறுபடி தா பாலே? தயோ. செடியின் பட்டையாம். தன் கூந்தலில் கையை வழுக்கி விட்டுக் காட்டினாள். வாசல் தழை தா பாலே? தபியே. சின்னவள் ஒரு கொத்தைத் தலையில் செருகிக்கொண்டு, படகுப் பந்தயத்தில் ஜெயித்தவன்போல் துடுப்புப் போட்டு ஆடினாள்.

கேட்டுக்கொண்டே இருந்தேன். கேள்வி கேட்கிறவனை அடக்கம் செய்ய மாட்டார்கள் அல்லவா?

செல்லம்மா துண்டோடு வந்து தலையில் அடித்துக்கொண்டாள். “என்னங்க இது, பச்சப் புள்ளையாட்டம்! வருசப் பொறப்புக்கு வாசல்ல தழப் பான வெக்கிறதும், பெரியவங்களுக்குத் தலையக் கழுவி நகம் வெட்டிவிடுறதும் இவுங்க வழக்கம். சொரந்தான் நேத்தே விட்டிருச்சே. நாந்தான் வரச் சொன்னேன்.”

“உன் கண்ணு ஏன் சிவந்திருக்கு?”

“ஈர வெறகு. விடியக்காலையிலேருந்து பட்டையை யாரு காய்ச்சினதாம்?”

“நானா பெரியவன்?”

“கண்ணாடியப் பாருங்க.”

மறுநாள் ஆபீஸில் பரீட்சை. எங்கள் கிடங்குத் தலைவர் ஊ பே மேஜைமேல் பட்டையும் காயும் தழையுமாகப் பரப்பியிருந்தார். துரை நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

முதலில் ஒரு பட்டை. தொட்டேன்... வழுக்கியது! தயோ என்றேன். என் தலையைத் தேய்த்துக் காட்டினேன். காய்? கின்புன். நுரை பொங்கக் காட்டினேன். தழை? தபியே! ஆபீஸ் நடுவில் நின்று துடுப்புப் போட்டேன். துரை சுருட்டைக் கீழே போட்டுவிட்டார்.

நாலாவதாக ஒரு குச்சி. தெரியவில்லை. உயிர் பிழைத்தவனுக்கு வெட்கம் ஏது? “தா பாலே?” என்று ஊ பேயையே திருப்பிக் கேட்டேன்.

அவர் அதன் பெயரைச் சொன்னார். இத்தனையும் எங்கே கற்றீர் என்று இந்துஸ்தானியில் விசாரித்தார். என் மரண வைபவத்தைச் சொன்னேன், பாதி இந்துஸ்தானி, பாதி கை. மனிதர் சிரித்துச் சிரித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துரை பக்கம் திரும்பி, இவருக்குத் தெரிந்ததும் நன்றாகத் தெரிகிறது, தெரியாததைக் கேட்கவும் தெரிகிறது, இவரே போதும் என்றார். மேஜையிலிருந்த தபியேக் கொத்தை என் கோட்டுப் பையில் செருகினார்.

அந்தக் கொத்தோடு பசுந்தாங் தெரு நெடுக நடந்தே வீட்டுக்கு வந்தேன். டிராமில் உட்கார்ந்தால் கொத்தை எத்தனை பேர் பார்ப்பார்கள்? நாற்காலி எனக்கு. கப்பல் காற்றைத் துரையே வாங்கிக்கொள்ளட்டும்.

மற்றபடி நடந்தது இவ்வளவுதான்: வருஷப் பிறப்பன்று மாடி வீட்டார் ஒரு கிழவனுக்குத் தலை கழுவிவிட்டார்கள்.